யாருடைய உரல்?

வீட்டுச் சாமான்களை வரைந்த ஓவியங்களின் முன் நின்று நம்மவர்கள் சொல்லும் சொற்கள் பெரும்பாலும் மூன்றுதான்: எளிமை, அமைதி, உயிரோட்டம். அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மனை, முறம், பித்தளைக் குடம் என்று எதை வரைந்திருந்தாலும் இந்த மூன்றில் ஒன்று வந்து விழுந்துவிடும். எனக்கு இந்தச் சொற்களோடு நெடுநாளாக வழக்கு உண்டு. விசேஷ வீட்டில் அரிவாள்மனையின் முன் உட்கார்ந்து ஒரு கூடை வெங்காயம் அரிந்தவள், அந்த அரிவாள்மனையைப் பார்த்து அமைதி என்று சொல்ல மாட்டாள். இடுப்பில் குடம் சுமந்து மேடேறியவள் குடத்தை எளிமை என்று சொல்ல மாட்டாள். அப்படியானால் சொல்வது யார்? எங்கே நின்றுகொண்டு சொல்கிறார்கள்? அந்த இடத்தில் நின்றால் ஓவியத்தில் எது கண்ணில் படாமல் போகிறது? இதைப் பேச எனக்கு ஓர் உரல் போதும்.

கொல்லிமலைக்கு மாணவிகளை வாய்மொழிப் பாடல் சேகரிக்க அழைத்துப் போயிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, தலை சுற்றிய பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்து, செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் இறங்கினோம். அதன் வரவேற்பறைச் சுவரில் சட்டமிட்ட நீர்வண்ண ஓவியம் ஒன்று மாட்டியிருந்தது. ஒரு கல் உரல், பின்சுவரில் சாய்த்த உலக்கை, தரையில் கவிழ்த்துப்போட்ட முறம். வேறெதுவும் இல்லை. கீழே சிறிய அட்டையில் ‘பாட்டியின் உரல்’ என்று எழுதியிருந்தது.

அது நல்ல ஓவியம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் சண்டை ஓவியத்தோடு அல்ல. நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பூசுவது வழக்கமில்லை. தாளின் வெள்ளையைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும். ஒளி எங்கே விழப்போகிறது என்பதைத் தூரிகையை நனைப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். எண்ணெய் வண்ணத்தைப் போல மேலே மேலே பூசிப் பிழையை மறைக்க இதில் வழியில்லை. இந்த ஓவியர் உரலின் வாய் விளிம்பில் பிறைபோல ஒரு வெள்ளையை விட்டிருந்தார். குழிக்குள் ஈரம் காய்வதற்கு முன்பே நீலத்தையும் பழுப்பையும் இறக்கி, அவை தாமாகக் கலந்து கறுக்கும்படி செய்திருந்தார். கல்லின் வெளிப்புறத்தில் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையை இழுத்து உளிக்கொத்தின் சொரசொரப்பைக் கொண்டுவந்திருந்தார். உலக்கையின் இரு முனைகளும் கருத்திருக்க, நடுப்பகுதி மட்டும் வெளிறி வழவழத்தது. அடி முனையில் இரும்புப் பூண், ஒரே கோட்டில்.

இந்த மூன்று இடங்களையும் சேர்த்துப் பாருங்கள். வாய் விளிம்பு ஏன் பளபளக்கிறது? அங்கே உலக்கை உரசியிருக்கிறது, தானியத்தைத் தள்ளிவிட்ட விரல்கள் ஆயிரக்கணக்கான முறை பட்டிருக்கின்றன. குழி ஏன் அவ்வளவு ஆழம்? குத்திக் குத்தி ஆழமாயிற்று. உலக்கையின் நடு ஏன் வெளிறியது? அங்கேதான் உள்ளங்கை பிடித்தது. ஓவியர் எந்த மூன்று இடங்களில் தன் திறமையை எல்லாம் கொட்டியிருக்கிறாரோ அந்த மூன்றும் ஒரு பெண்ணின் கை செய்தவை. ஓவியர் வரைந்தது கல்லின் அழகை மட்டுமல்ல, தேய்மானத்தின் அழகை. ஓவியரின் கண் நேர்மையாகத்தான் பார்த்திருக்கிறது. ஆனால் வந்து நின்றவர்கள் ‘ஆகா, அந்தக் காலம்!’ என்றார்கள். ‘அந்தக் காலத்துச் சாப்பாடே தனி’ என்றார் ஒருவர். படமெடுத்துக்கொண்டு அருவி பார்க்கப் போய்விட்டார்கள்.

விடுதியில் பாத்திரம் தேய்க்கும் ஓர் அக்கா இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். (மலையாளிகள் என்பது இந்த மலையில் வாழும் தமிழ் பேசும் மக்களின் பெயர்; கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அவரிடம், “அக்கா, இந்தப் படம் எப்படி இருக்குது?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்குதுங்க டீச்சர். ஆனா கழுவிக் கவுத்து வெச்ச உரலாட்டம் இருக்குது. உமியே காணமே! சாமை குத்துனா ஓரமெல்லாம் உமி அப்பிக்கிட்டுக் கெடக்கும். மூக்குக்குள்ள ஏறும், கழுத்தெல்லாம் அரிக்கும்.”

“இப்பவும் குத்துறீங்களா?”

“மில்லு வந்துருச்சுங்களே. அப்பல்லாம் விடியறதுக்கு முந்தி எழுந்து குத்துனாத்தான் காலைச் சோத்துக்கு ஆகும். மழைக்காலம் வந்தா இன்னும் தோள்பட்டை குடையுதுங்க.”

அன்று அந்த ஓவியத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான விமர்சனம் இதுதான். அவர் ஓவியத்தை மறுக்கவில்லை. அதில் எது இல்லை என்று சொன்னார்: உமி. அந்தக் கல் உரலாக இருந்ததற்கான சாட்சி அது. அதைத் துடைத்துவிட்டால் உரல் ஒரு பூச்சாடி ஆகிவிடும்.

உமியைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். கேழ்வரகைப் பெரிதாகக் குத்த வேண்டியதில்லை. கதிரடித்துத் தூற்றிவிட்டால் திருகையில் இட்டு மாவாக்கலாம். சாமை, தினை, வரகு அப்படியல்ல. சின்னஞ்சிறு மணியை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும் உமி. வெயிலில் காயவைத்து, உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடியும் உரலில் போட்டுக் குத்தி, மறுபடியும் புடைக்க வேண்டும். அடி வலுத்தால் மணி உடைந்து நொய்யாகிவிடும். இளைத்தால் உமி போகாது. எந்த இடத்தில் எவ்வளவு கனத்தில் உலக்கையை விடுவது என்பது ஒரு தேர்ந்த கை மட்டுமே அறிந்த கணக்கு. நீர்வண்ணக்காரர் தூரிகையில் எவ்வளவு நீர் இருக்க வேண்டும் என்று அறிந்திருப்பதைப் போன்றதுதான் அது. ஒன்றைக் கலை என்கிறோம், மற்றதை ‘வீட்டு வேலை’ என்கிறோம்.

கொல்லிமலையில் சிறுதானியம் குறைந்துபோன கதையைச் சொல்லும்போதும் இதே பார்வைக் கோளாறு வருகிறது. சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் மரவள்ளி ஏறியது. கிழங்கு மலையிறங்கி சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. கையில் காசு தரும் பயிர் என்பது ஒரு காரணம், ரேஷன் அரிசி வந்தது ஒரு காரணம். மூன்றாவது காரணத்தை மேடைகளில் யாரும் பேசுவதில்லை: சாமைச் சோறு ஆக்க வேண்டுமானால் ஒருத்தி குத்த வேண்டும். அவள் சலித்துப்போனாள். அரிசி வந்ததும் உலக்கையைச் சாய்த்து வைத்தாள். அதில் என்ன குற்றம்? ஆனால் ‘பாரம்பரியத்தை மறந்தோம்’, ‘இன்றைய பெண்களுக்குப் பொறுமை இல்லை’ என்று பேசுகிறவர்கள் கைதட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தபோது அந்த மேடைகள் இன்னும் கூடின. சாமைப் பொங்கலைப் புகழ்ந்த எத்தனை பேர் உரலின் பெயரைச் சொன்னார்கள்?

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் 1990களில் தொடங்கி சிறுதானியப் பாதுகாப்பில் வேலை செய்தது. விதையைப் பாதுகாத்தால் மட்டும் போதாது என்பதை அங்கே உணர்ந்தார்கள். உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டுவந்தார்கள். பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் அவற்றை நடத்தக் கற்றுக்கொண்டன. சாமை அந்த மலையில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால் அதற்குப் பெண்களின் தோள்பட்டையை விடுவித்த இயந்திரத்துக்கும் பங்கு உண்டு. உரலை நினைத்து உருகியவர்களால் ஒரு பிடி சாமையும் பிழைக்கவில்லை.

இதே கதை சமவெளியிலும் நடந்தது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. ‘இலவசம் மக்களைச் சோம்பேறியாக்குகிறது’ என்று எத்தனை ஆண்கள் எழுதினார்கள், பேசினார்கள்! ஆட்டுக்கல்லின் முன் ஒரு நாள்கூட உட்காராதவர்கள், ஆட்டுக்கல்லிலிருந்து எழுந்தவளைச் சோம்பேறி என்றார்கள். 2018இல் வந்த ‘சர்கார்’ படத்தில் இந்த இலவசப் பொருள்களைத் தீயில் தூக்கி எறிகிற காட்சி இருந்தது. ஆளுங்கட்சியின் எதிர்ப்புக்குப் பின் அது நீக்கப்பட்டது. அந்த எதிர்ப்பு தங்கள் தலைவியின் திட்டத்துக்காக எழுந்தது, என் கவலை வேறு. திரையில் மிக்சியை எரித்தால் விசில் அடிக்கிறவர், வரவேற்பறையில் உரல் ஓவியத்தைப் பார்த்துக் கண் கலங்குகிறார். இரண்டும் ஒரே ஆள்தான். அவருக்குப் பெண்ணின் உழைப்பைக் குறைத்த பொருள் கேவலம், அவளைத் தேய்த்த பொருள் கலை.

உரல் நம் வீடுகளில் அன்றாடப் புழக்கத்தில் இருந்தவரை அதற்கு யாரும் சட்டம் போட்டு மாட்டவில்லை. அடுக்களையிலிருந்து வெளியேறிய பிறகு அது விடுதி வாசலுக்கும், உணவகத்து முகப்புக்கும், ஓவியத்துக்கும் வந்து சேர்ந்தது. வேலை முடிந்த பிறகுதான் அதற்கு அழகு வருகிறது என்றால், வேலை நடந்தபோது அங்கிருந்த அழகை நாம் பார்க்க மறுத்தோம் என்றுதானே பொருள்?

*

தமிழ் படித்தவள் என்ற முறையில் எனக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கொல்லிமலை என்றதும் இலக்கியம் படித்தவர்களுக்கு வல்வில் ஓரிக்கு அடுத்து நினைவுக்கு வருவது கொல்லிப்பாவை. பார்ப்பவரை மயக்கும் பெண்ணுருவம். குறுந்தொகையின் 89ஆம் பாட்டு, பரணர் பாடியது, இந்தப் பாவையைச் சொல்கிறது. கொல்லி மலையில் தெய்வம் எழுதிய பாவை என்கிறது அது. அங்கே எழுதுதல் என்றால் வரைதல். நம் கட்டுரைக்கு வேண்டியது அதே பாட்டின் தொடக்கத்தில் இருக்கிறது: உரல். தலைவி உரலில் குத்திக்கொண்டே வள்ளைப்பாட்டுப் பாடுகிறாள். ஊரார் அதற்கும் அலர் பேசுகிறார்கள். இந்த ஊரின் பேச்சுக்கு நோவானேன் என்று தோழி அவள் பக்கம் நிற்கிறாள்.

கொல்லிமலை, ஓர் ஓவியம், ஓர் உரல் மூன்றும் ஒரே சிறு பாட்டுக்குள் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கின்றன. நாம் உரையெழுதி, ஆய்வெழுதி, பாவையைப் பற்றி எத்தனை பக்கங்கள் நிரப்பியிருக்கிறோம்! அது சிலையா சித்திரமா, இயங்கியதா இல்லையா, எந்தக் கோயிலில் இப்போது இருக்கிறது என்றெல்லாம் கேட்டோம். உரலைப் பற்றி என்ன கேட்டோம்? அவள் எதைக் குத்தினாள், எவ்வளவு நேரம் குத்தினாள் என்று கேட்கவில்லை. அவள் குத்துவது ஊராருக்குச் செய்தியே இல்லை. அவள் பாடியதுதான் செய்தி. உழைப்பு இயல்பு, குரல் குற்றம். அலர் பேசிய அந்த ஊர் இன்னும் கலைந்துவிடவில்லை.

குத்தும்போது பெண்கள் பாடிய பாட்டின் வடிவத்தை நம் பெருங்கவிகள் எடுத்துக்கொண்டார்கள். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வள்ளைப்பாட்டு இருக்கிறது, மூவேந்தரின் பெருமை பாட. திருவாசகத்தில் திருப்பொற்சுண்ணம் இருக்கிறது, இறைவன் நீராடச் சுண்ணம் இடிக்கும் பெண்கள் பாடுவதாக. மூச்சிரைக்கும் பெண்கள் அடிக்கும் அடியும் விடும் மூச்சும் சேர்ந்து உண்டாக்கிய தாளம் அது. மன்னனுக்கும் இறைவனுக்கும் அது போய்ச் சேர்ந்தது. உண்டாக்கியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

பழமொழியிலும் இதே கதைதான். ‘உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.’ நம் மொழி உரலுக்காக இரங்குகிறது, மத்தளத்துக்காக அதைவிட இரங்குகிறது. உலக்கையைத் தூக்கியவளுக்கு இரங்க மறந்துவிட்டது. மனைவிக்கும் அம்மாவுக்கும் இடையே மாட்டிக்கொண்டதாகச் சொல்லும் ஆண்கள் அந்தப் பழமொழியைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். படங்களில் உரலைத் தேடினாலும் முதலில் அகப்படுவது உரலில் கட்டுண்ட கண்ணன்தான். உரலைப் படத்துக்குள் கொண்டுவர ஒரு சாமிப்பிள்ளை அதை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

*

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. 1667இல் பிரெஞ்சு அகாதமியின் சார்பில் ஆந்த்ரே ஃபெலிபியன் ஓவிய வகைகளுக்குப் படிநிலை வகுத்தார். வரலாறும் புராணமும் உச்சியில். கனி, மலர், பாத்திரம் முதலான அசையாப் பொருள்களை வரைவது அடியில். ஓவியத்துக்கும் சாதி வைத்தாயிற்று. சரி, அந்த அடிப்படியில் யாரை உட்கார வைத்தார்கள்? பெண்களை. மனித உடலைப் பார்த்து வரையும் வகுப்புகளில் பெண்களுக்கு இடமில்லை. அந்தப் பயிற்சி இல்லாமல் வரலாற்றோவியம் வரைய முடியாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை ஐரோப்பியக் கலைப்பள்ளிகள் பலவற்றில் இதுதான் நிலை. ‘பெரும் பெண் கலைஞர்கள் ஏன் தோன்றவில்லை?’ என்று 1971இல் கேள்வி எழுப்பிய லிண்டா நாக்லின், மேதைமை இல்லாமையில் அல்ல, இப்படி மூடிய கதவுகளில்தான் விடையைக் காட்டினார். முதலில் கதவை மூடு. வீட்டுக்குள் இருப்பதை மட்டும் வரைய விடு. பிறகு வீட்டுக்குள் இருப்பதை வரைவது சிறுகலை என்று சொல். வேலை முடிந்தது.

ஆனாலும் அந்த அடிப்படியிலிருந்து ஒருத்தி சிரித்தாள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர் கிளாரா பீட்டர்ஸ் வெண்ணெய்க்கட்டி, மீன், கோப்பை, கத்தி என்று சாப்பாட்டு மேசைகளை வரைந்தார். அந்தக் கோப்பைகளின், சாடிகளின் பளபளப்பைக் கிட்டப்போய்ப் பாருங்கள். மணியளவில் ஒரு பெண்முகம் தெரியும். அவர் முகம். சில ஓவியங்களில் கத்தியின் பிடியில் தன் பெயரையும் பொறித்திருக்கிறார். பொருள் மட்டும்தானே கேட்டீர்கள், அதற்குள் நான் இருக்கிறேன் என்று அவர் விட்டுச்சென்ற சாட்சி அது. அசையாப் பொருளை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு எனக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடைத்ததில்லை.

அந்தப் பாடத்தைப் படிக்காத பெரியவர்களின் கதை ஒன்றும் உண்டு. வான் கோ 1886இல் பாரிசில் ஒரு சோடி தேய்ந்த காலணிகளை வரைந்தார். 1930களில் தத்துவவாதி ஹைடெக்கர் அதைப் பார்த்து, அவை ஓர் உழவர் பெண்ணின் காலணிகள் என்று எடுத்துக்கொண்டு, மண், வயல், அவளுடைய களைத்த நடை என்று பரவசமாக எழுதினார். 1968இல் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷாபிரோ, இல்லை, அவை நகரத்தில் வாழ்ந்த ஓவியரின் சொந்தக் காலணிகள் என்றார். பிறகு தெரிதா வந்து, இருவருமே காலணியை யாருக்காவது மாட்டிவிடத் துடிப்பதைக் கேள்வி கேட்டார். அறிவுலகம் இதை நீண்ட விவாதமாக இன்றும் படிக்கிறது. எனக்குத் தோன்றுவது வேறு. உழவர் பெண்ணின் களைப்பு ஒரு தத்துவவாதிக்குப் பரவசம் தரலாம். அவளுக்கு நல்ல காலணி உண்டா என்ற கேள்வி அந்த விவாதத்தில் யாருக்கும் எழவில்லை. விடுதிச் சுவரின் முன் ‘அந்தக் காலம்’ என்று பெருமூச்சு விட்டவர்கள் ஹைடெக்கரைப் படித்ததில்லை. படிக்காமலேயே அதைத்தான் செய்தார்கள்.

நம் காலத்துக்கு வருவோம். 2006இல் சுபோத் குப்தா எவர்சில்வர் பாத்திரங்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி ஒரு பிரம்மாண்ட மண்டையோட்டைச் செய்தார். அது உலகச் செய்தியானது. நல்ல கலைஞர், மறுக்கவில்லை. ஆனால் அதே பாத்திரங்களைத் தினமும் தேய்த்து அடுக்கும் கைகளுக்கு அந்தப் பாத்திரங்களைப் பற்றிப் பேச எவ்வளவு இடம் கிடைத்தது? 1975இல் மார்த்தா ராஸ்லர் என்ற அமெரிக்கக் கலைஞர் சமையலறையில் நின்று ஒவ்வொரு கருவியாக எடுத்து, அகரவரிசையில் பெயர் சொல்லி, அதைக் காற்றில் குத்தியும் வெட்டியும் காட்டும் காணொளி எடுத்தார். கரண்டியும் கத்தியும் அவர் கையில் அமைதியாக இல்லை. 1988இல் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ தொகுப்பு வந்தது. சமையலறை எந்த மூலையில் இருக்கிறது, அதன் சன்னல் எங்கே திறக்கிறது என்பதே அரசியல் என்று அது நமக்குச் சொன்னது. அதே ஆண்டுகளில், 1987 முதல் 1989 வரை, நளினி மலானி, மாதவி பரேக், நீலிமா ஷேக், அர்பிதா சிங் நால்வரும் நீர்வண்ணத்தையும் தாளையும் கைக்கொண்டு கூட்டுக் கண்காட்சி ஒன்றை ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள். பொழுதுபோக்குப் பெண்களின் ஊடகம் என்று ஒதுக்கிய நீர்வண்ணத்தைத் தெரிந்தே எடுத்தார்கள். பெரிய கூடம் இல்லாதவளும், சாப்பாட்டு மேசையை ஒதுக்கி வரைய முடியும். குழந்தை அழுதால் தூரிகையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழ முடியும். காய்ந்த தாளைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போக முடியும். குறை என்று சொன்னதெல்லாம் அவளுடைய வாழ்க்கைக்குப் பொருந்தி வந்தது.

*

‘எல்லா ஓவியத்தையும் உழைப்புக் கணக்காக்க வேண்டுமா? அழகை அழகாக விட்டுவிடக் கூடாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. என் சக ஆசிரியர்களே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் ஓவியத்திலேயே இருக்கிறது. உலக்கையின் நடுப்பகுதி ஏன் வெளிறியது என்று தெரியாதவர் அந்த வெளிறலை வெறும் நிறமாகப் பார்க்கிறார். தெரிந்தவர் அங்கே ஓர் உள்ளங்கையைப் பார்க்கிறார். இரண்டு பேரில் ஓவியத்தை அதிகம் ரசிப்பவர் யார்? உழைப்பைப் பார்க்கச் சொல்வது ரசனையைக் குறைக்கிற வேலை அல்ல. ஓவியர் தந்ததில் பாதியை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்காதீர்கள் என்று சொல்கிற வேலை.

‘பாட்டியின் மேல் உள்ள பாசத்தில்தானே மாட்டியிருக்கிறார்கள்’ என்றும் சொல்வார்கள். பாசம் இருந்தால் அந்த அட்டையில் ஏன் பாட்டிக்குப் பெயர் இல்லை? ஊர் இல்லை? அவள் குத்தியது நெல்லா சாமையா என்பதுகூட இல்லை. மலையாளிப் பெண்களின் ஊரில், அவர்கள் கைத்தொழிலின் சின்னத்தை மாட்டிவைத்து, சமவெளியிலிருந்து வரும் விருந்தாளிகளின் பொதுப் பாட்டி ஒருத்தியை அதற்கு உரிமையாக்கியிருக்கிறார்கள். உரல் குத்திய பழங்குடிப் பெண் அதே கட்டடத்தின் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிறார். பாசம் என்ற சொல்லின் நிழலில் எத்தனை பெயர்கள் அழிகின்றன என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்?

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு சொல்கிறது: ஊதியமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் அதில் செலவிடுகிறார்கள், செய்கிற ஆண்கள் 97 நிமிடங்கள். உரல் போய் மிக்சி வந்த பிறகும் இதுதான் கணக்கு. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. ஒரு நல்ல நீர்வண்ண ஓவியத்தை வரைந்து, காயவைத்து, மேல்பூச்சு கொடுத்து முடிக்கப் போதுமான நேரம். நம் பெண்கள் ஏன் வரையவில்லை, ஏன் எழுதவில்லை என்று கேட்கிறவர்கள் அந்த 299 நிமிடங்களிடம் போய்க் கேட்கட்டும்.

அதனால் மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டுப் பொருள் ஒன்றின் ஓவியத்தைப் பார்க்கும்போது முதலில் தேய்மானத்தைத் தேடுங்கள். பிடி எங்கே வழவழக்கிறது, விளிம்பு எங்கே நசுங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் கரி. அடுத்து, ஓவியர் எதைத் துடைத்துவிட்டார் என்று பாருங்கள்: உமியை, சாம்பலை, ஈரத்தை, ஈயை. பொருள் எந்த உயரத்திலிருந்து வரையப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தவரின் உரலும் குனிந்து குத்தியவளின் உரலும் ஒரே கோணத்தில் தெரியாது. கடைசியாகப் பெயர் அட்டையைப் படியுங்கள், அதில் யார் இல்லை என்று பாருங்கள். இவ்வளவும் பார்த்த பிறகு அழகாக இருக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பார்ப்பதோடு நிறுத்தவும் வேண்டாம். கொல்லிமலையிலிருந்து திரும்பிய பிறகு வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தேன். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் மலிவான நீர்வண்ணப் பெட்டி போதும். இப்போது உங்கள் வீட்டில் புழங்குகிற ஒரு பொருளை வரையுங்கள், உரலும் அம்மியும் கூடாது என்றேன். கீழே யார் அதை எத்தனை மணிக்கு எடுக்கிறார், யார் கழுவி வைக்கிறார் என்று எழுதச் சொன்னேன். பிரஷர் குக்கர் வந்தது, கைப்பிடித் திருகு ஆடும் மிக்சி ஜார் வந்தது, ஓரம் கருகிய பிடிதுணி வந்தது. ஒரு பெண் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை வரைந்திருந்தாள். சுருள் சுருளாக, நடுவில் தாளின் வெள்ளையை விட்டு, நுரை என்று தெரியும்படி. கீழே எழுதியிருந்தாள்: “அம்மா, காலை 5.40. நான், இரவு 9.15. அண்ணன், இதுவரை இல்லை.”

யாரும் அதை எளிமை என்று சொல்லவில்லை. அதை வகுப்புச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறோம், அட்டையோடு. இனி சட்டமிட்ட உரல்களைப் பார்க்கும் இடத்தில் எல்லாம் நிர்வாகத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள், மரியாதையாகவே கேளுங்கள்: இது யாருடைய உரல்? பதில் தெரியவில்லை என்றால் அதே கட்டடத்தில் பின்கட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.